ஓய்வும் உற்பத்திக் கணக்கில் சேர்ந்ததே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற பேச்சு ஓய்வதாகத் தெரியவில்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இந்திய இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், வாரத்துக்கு 90 மணி நேரம் உழைப்பதைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியர்களை வேலை வாங்க முடியவில்லையே என்ற தம் வருத்தத்தைப் பற்றியும் பேசிய காணொலி நாடு முழுவதும் பரவியது. இவற்றை ஆதரிப்போர் நாட்டின் வளர்ச்சியைக் காட்டுகிறார்கள். எதிர்ப்போர் தொழிலாளியின் உடல்நலத்தைக் காட்டுகிறார்கள். நான் இரண்டாம் தரப்பில் நிற்பவன்தான். ஆனாலும் அந்தத் தரப்பின் வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓய்வு என்பது இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை என்று நாமே ஒப்புக்கொண்டால், நெருக்கடி வரும்போது அந்தச் சலுகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் ஒப்புக்கொண்டவர்களாகிறோம். கோவை வட்டாரத்து நூற்பாலைகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இது: ஓய்வைக் குறைத்தால் முதலில் குறைவது யோசனை, அதற்கு அடுத்துக் குறைவது உற்பத்தி, உடல்நலம் கெடுவது அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும்.

நூற்பாலையில் ரிங் ஃபிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தைப் பார்க்கும் தொழிலாளியைச் சைடர் என்போம். அவருடைய வேலை, தம் பொறுப்பில் உள்ள இயந்திரங்களுக்கு இடையே நடந்துகொண்டே இருந்து, இழை அறுந்த இடத்தைக் கண்டவுடன் ஒட்டிவிடுவது. கால் நடந்தாலும் வேலை செய்வது கண்ணும் விரல்நுனியும்தான். மாலை ஷிப்டை முடித்துவிட்டு, ஆள் வரவில்லை என்பதால் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) என்று இரவு ஷிப்டிலும் நிற்கும் ஒருவர், பார்ப்பதற்கு அதே வேகத்தில்தான் நடப்பார். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு அவர் அறுந்த இழையைத் தாண்டி, அதைப் பார்த்தபடியே, பார்க்காமல் நடந்து போவதைக் காணாத மேற்பார்வையாளர் இருக்க முடியாது. பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். அவசரத்தில் அதைக் கொக்கியால் இழுத்து அறுக்கும்போது ரோலரின் ரப்பர் உறை கீறிப்போகும். அந்தக் கீறல், மறுநாள் நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவருடைய ஷிப்டில் நூலைக் கெடுக்கும். பதிவேட்டைப் புரட்டினால் முந்தைய இரவில் எட்டு மணி நேர ஓ.டி. வேலை நடந்ததாகவே இருக்கும். கெட்ட நூலோ வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கும். கூடுதல் நேர வேலையால் லாபம் என்று நம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த முதல் பதிவேட்டை மட்டுமே படித்தவர்கள்.

இதே ஆலைகளில் இயந்திரங்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குறித்த நாளில் ஃபிரேமை நிறுத்தி, பஞ்சுத் தூசியைத் துடைத்து, எண்ணெயிட்டு, நூலைச் சுற்றும் ஸ்பிண்டில்களைச் சரிபார்த்து, தேய்ந்ததை மாற்றிய பிறகே மீண்டும் ஓட்டுவார்கள். அந்த நேரத்தில் வராமல் போன நூலை எந்த முதலாளியும் நஷ்டம் என்று எழுதுவதில்லை. பராமரிப்பைத் தள்ளிப்போட்டு ஓட்டுகிற மேலாளரைத்தான் திறமையற்றவர் என்பார்கள்.

ஓர் ஆலை மேற்பார்வையாளனின் அனுபவம் போதாது என்போருக்கு நூறாண்டுக்கு முந்தைய கணக்கு ஒன்று உண்டு. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்து, பீரங்கிக்குண்டுத் தொழிற்சாலைகளில் பெண்களும் ஆண்களும் வாரம் முழுவதும், பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, வேலை வாங்கப்பட்டார்கள். நாடு போரில் இருந்தது. நேரத்தை நீட்டுவதற்கு அதைவிட வலுவான காரணம் இருக்க முடியாது. அந்த நிலையில், 1915-இல் அமைக்கப்பட்ட வெடிமருந்துத் தொழிலாளர் நலக் குழு வேலை நேரத்தையும் உற்பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பதிவு செய்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் ஜான் பென்கவெல் 2014-இல் அந்தப் பதிவுகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம் வரை, நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியது. அதற்கு மேல் கூடிய ஒவ்வொரு மணிக்கும் கிடைத்தது குறைந்துகொண்டே போனது. 70 மணி நேர வாரத்தில் கிடைத்ததற்கும் 56 மணி நேர வாரத்தில் கிடைத்ததற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வார ஓய்வு நாள் இல்லாமல் செய்ததும் உற்பத்தியைக் கெடுத்தது என்பது அவர் கண்ட இன்னொரு முடிவு. 70 என்ற எண் நம் நாட்டில் பேசப்படும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது. இடைப்பட்ட அந்த 14 மணி நேரம் தொழிலாளியின் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ஆலைக்கு அது வந்து சேரவில்லை.

தமிழகத்துத் தொழிலாளர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு வார விடுமுறையையும் கோரிக்கையாக வைத்தார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் வென்றும் காட்டினார்கள். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது. கூலி வயிற்றுக்கே போதாத காலத்தில் அவர்கள் இடைவேளையைக் கேட்டார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, தினசரி வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் மூன்று நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றதை வரவேற்கிறேன். ஆனால் அது தொழிலாளர்களின் எதிர்ப்புக்குப் பணிந்ததாகவே பதிவாகியிருக்கிறதே தவிர, 12 மணி நேரம் உற்பத்திக்கே உதவாது என்ற காரணம் அப்போதும் சரியாகப் பேசப்படவில்லை.

இதுவரை சொன்னது கையால் செய்யும் வேலை. யோசித்துச் செய்யும் வேலையில் இழப்பு இன்னும் அதிகம். கண்ணுக்குத் தெரியாது என்பதால் யாரும் எழுதி வைப்பதும் இல்லை.

நான் இருந்த ஓர் ஆலையில், பாபின் என்னும் நூல் சுற்றும் குழல்களை ஏற்றிச் செல்லும் தள்ளுவண்டிகளின் சக்கரங்களில் கழிவு நூல் சுற்றிக்கொண்டு வண்டி அடிக்கடி நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் வண்டியைக் கவிழ்த்து, கத்தியால் நூலை அறுத்தெடுப்பார்கள். எங்கள் ஃபிட்டர் ஒருவர் இந்த வேலையைக் கணக்கில்லாத தடவை செய்தவர்; திறமைசாலி. ஆனால் வரிசையில் நான்கு ஃபிரேம்கள் காத்திருக்கும்போது சக்கரத்தைப் பற்றி யார் யோசிப்பது? ஒரு பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவர், வீட்டில் கிடந்த பழைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செயின் கவரைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து, தகரத்தை வளைத்துச் சக்கரத்தின் இரு பக்கமும் அச்சை மூடி ஒரு மறைப்பு செய்து மாட்டினார். நூல் சுற்றுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. நிர்வாகம் பாராட்டியது. அந்த யோசனை ஆலைக்குள் வேலை நேரத்தில் வரவில்லை என்பதை மட்டும் எந்தக் குறிப்பிலும் யாரும் எழுதவில்லை.

பெரிய அளவிலும் இதே கதைதான். பிரெஞ்சுக் கணித மேதை ஆன்ரி பாய்ன்கரே ஒரு சிக்கலோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு, நிலவியல் சுற்றுலா ஒன்றுக்குப் போனார். பயணத்தில் கணக்கையே மறந்திருந்த வேளையில், கூத்தான்ஸ் என்ற ஊரில் குதிரை வண்டியின் படியில் கால் வைத்தபோது விடை மனத்தில் தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். மூளை நம் உடல் எடையில் சுமார் 2 விழுக்காடு இருந்தாலும் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது என்பதும், நாம் குறிப்பிட்ட வேலை எதிலும் ஈடுபடாதபோதும் அந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை என்பதும் இன்று தெரிந்த செய்திகள். கவனம் ஒரு வேலையில் குவியாத நேரத்தில் மூளையின் சில பகுதிகள் ஒன்று சேர்ந்து இயங்குவதை 2001-இல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்க்கஸ் ரெய்க்கிலும் அவருடைய சகாக்களும் விவரித்தார்கள். சும்மா இருக்கும் மூளை சும்மா இருப்பதில்லை. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பாய்ன்கரே முதலில் கடுமையாக உழைத்தார். உழைக்காதவருக்கு ஓய்வு விடை கொடுப்பதில்லை. ஓயாதவருக்கும் உழைப்பு விடை கொடுப்பதில்லை.

நம் நாட்டு அறிஞர் இருவரை எடுத்துக்கொள்வோம். கணித மேதை இராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், பள்ளியை விட்ட பிறகு தமக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தைக் கணிதத்துக்குப் பயன்படுத்தி வருவதாக அவரே சொல்கிறார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து எழுத்தர் வேலையிலிருந்து விடுவித்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தம் ஆய்வைப் பற்றி ஓர் அறிக்கை தர வேண்டும் என்பதைத் தவிர வேறு கடமை விதிக்கவில்லை. பட்டம் பெறாத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது, சரியாகச் சொன்னால், நேரம். அதற்கு முன்பும் அவருக்கு நேரம் இருந்ததே, கல்லூரித் தேர்வுகளில் தவறி வேலையின்றித் திரிந்த ஆண்டுகள் முழுவதும் ஓய்வுதானே என்று கேட்கலாம். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடுபவருடைய பொழுதை ஓய்வு என்று நான் சொல்ல மாட்டேன். வேலையின்மையையும் ஓய்வையும் ஒன்றாக்கிப் பேசுவது வேலை கொடுப்பவர்களுக்கு மட்டுமே வசதியானது.

சி.வி. இராமனின் கதை இன்னும் பொருத்தம். 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்ற அவர், அடுத்த பத்தாண்டில் பெரும்பகுதி, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் செலவிட்டார். 1917-இல் பேராசிரியரானார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, அது வானத்தின் பிரதிபலிப்புதான் என்ற கருத்தை ஐயுற்று, கையிலிருந்த பட்டகத்தால் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார்; நீலம் அப்படியே இருந்தது. அங்கே தொடங்கிய கேள்விதான் 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவாகவும் 1930-இல் நோபல் பரிசாகவும் முடிந்தது. கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு அவருக்கு நேரம் இருந்தது. நடுக்கடலில் அவரைத் தேடி அலுவலகச் செய்திகள் வரவில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். விடியற்காலையிலும் இரவிலும் ஆய்வுக்கூடத்தில் கழித்த இராமன் வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேலல்லவா உழைத்தார், அதைத்தானே நாராயண மூர்த்தியும் சொல்கிறார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இராமனின் அலுவலகம் மாலையில் முடிந்தது. அதற்குப் பிறகான நேரம் அவருடையது. அதில் அவர் ஆய்வு செய்யலாம், தூங்கலாம், வீணையின் தந்தி எப்படி அதிர்கிறது என்று பார்க்கலாம். அவர் மூன்றாவதையும் செய்தார். நிதித்துறை அந்த நேரத்தையும் கேட்டிருந்தால் நமக்கு ஒரு நல்ல கணக்காயர் கிடைத்திருப்பார். தம் நிறுவனத்தைத் தாமே கட்டுபவர் தம் விருப்பத்தில் 70 மணி நேரம் உழைப்பதும், அவரிடம் சம்பளம் வாங்குபவர் கட்டாயத்தில் அதே நேரம் உழைப்பதும் கடிகாரத்துக்கு மட்டுமே ஒன்று. முன்னவருடைய நேரத்தில் யோசனையும் நடையும் தேநீரும் அரட்டையும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. பின்னவர் தேநீருக்கு எழுந்தால் யார் எழுந்தார்கள் என்று பார்க்கப்படுகிறது.

அந்த 70 மணி நேரத்துக்குச் சோறு சமைப்பது யார் என்பதும் பேசப்படாத கேள்வி. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். ஆண் ஊழியரின் வேலை நேரத்தை நீட்டினால், வீட்டில் அவர் செய்யும் அந்தக் கொஞ்சமும் போய்விடும். பெண் ஊழியரின் வேலை நேரத்தை நீட்டினால், அது அவருடைய தூக்கத்திலிருந்துதான் வர வேண்டும். எத்தனை பெண்களின் யோசனைகள் இந்த 299 நிமிடத்தில் கரைந்தன என்று எந்த ஆய்வும் அளக்க முடியாது.

பள்ளிகளைப் பற்றி ஒரு சொல் மட்டும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வதும், காலாண்டு விடுமுறையிலும் சிறப்பு வகுப்பு வைப்பதும், உறைவிடப் பள்ளிகளில் விடியலுக்கு முன்பே எழுப்பிப் படிக்கவைப்பதும் நமக்குப் பழகிவிட்டன. அப்படி வளர்ந்த பிள்ளைகள் பணிக்கு வந்ததும் புத்தாக்கச் சிந்தனை போதவில்லை என்று அதே நாட்டுத் தொழில்துறை குறைப்பட்டுக்கொள்கிறது.

வேலை நேரத்துக்குப் பின் அலுவலக அழைப்புகளைப் புறக்கணிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 முதலும் ஆஸ்திரேலியா 2024 முதலும் சட்டமாக வைத்திருக்கின்றன. நம் மக்களவையில் இதற்கான தனிநபர் மசோதாவை சுப்ரியா சுலே 2018-இலேயே அறிமுகம் செய்தார், அது சட்டமாகவில்லை. தமிழக அரசு இதில் முன்னோடியாக இருக்க முடியும் என்று நம்புவதற்குக் காரணம் உண்டு. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் பணியாளர்கள் உட்காருவதற்கு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் இது. ஆனால் சட்டம் போட்ட பிறகு நாற்காலி வந்ததா, வந்த நாற்காலியில் உட்கார விடுகிறார்களா என்று பார்ப்பதற்கு ஆள் வேண்டும்.

எனவே ஒரு சிறிய வேண்டுகோளை முன்வைக்கிறேன். 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-இல் ஆணையிட்டு, 2022-இல் அதை நீட்டித்தபோது, ஒவ்வொரு பணியாளருக்கும் சுழற்சி முறையில் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்றும், அந்த விவரத்தை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. தங்கள் நாளிதழின் செய்தியாளர்கள் தத்தம் ஊரில் சில கடைகளுக்குள் சென்று, அந்தப் பட்டியல் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது, அதில் இன்று விடுமுறை என்று பெயர் எழுதப்பட்டிருப்பவர் உண்மையில் கடையில் இல்லாமல் இருக்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடைசியாக எப்போது அந்தப் பட்டியலைப் பார்த்தார்கள் என்பதையும் கேட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலை மேற்பார்வையாளர்,
கோவை மாவட்டம்.